65 வயதில் மெடிகேர்: மெடிகாப்பா, அட்வான்டேஜா?

இந்த வருடம் எனக்கு 65 முடிகிறது. பிறந்தநாளுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே தபால் பெட்டி நிரம்ப ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு உறையிலும் சிரித்த முகத்தோடு ஒரு தாத்தா பாட்டி படம், கீழே பெரிய எழுத்தில் 'மாதம் 0 டாலர்'. நியூ ஜெர்சிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வீட்டுக்கடன், பிள்ளைகளின் கல்லூரி, 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எத்தனையோ முடிவுகளை எடுத்திருக்கிறோம். 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அளவுக்கு எதுவும் என்னைக் குழப்பியதில்லை.

ஒரு அட்டையைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். இரண்டு நாளில் ஒரு ஏஜென்ட் கூப்பிட்டார். பல்லுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, மளிகைச் சாமானுக்கு ஒரு கார்டு என்று இருபது நிமிடம் பேசினார். என் மனைவி எந்த டாக்டரிடம் போகிறாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், வருடத்தில் எத்தனை மாதம் ஊரில் இருப்போம் என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. 'இன்றைக்கே சேர்ந்துவிடலாம்' என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று மாதம் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல 65 வயதை நெருங்கும் தமிழர்கள் இப்போது இங்கே நிறைய இருக்கிறோம்.

முதலில் அடிப்படை. பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு. பார்ட் பி டாக்டர், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கு. பத்து வருடம், அதாவது நாற்பது காலாண்டு, சம்பளத்தில் மெடிகேர் வரி கட்டியிருந்தால் பார்ட் ஏ-வுக்கு மாதக் கட்டணம் இல்லை. பார்ட் பி-க்கு 2026ல் மாதம் 202 டாலர் 90 சென்ட். இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம் தனிநபருக்கு 1,09,000 டாலரையோ தம்பதிக்கு 2,18,000 டாலரையோ தாண்டியிருந்தால் இன்னும் கூடும். '0 டாலர்' திட்டத்தில் சேர்ந்தாலும் இந்தப் பார்ட் பி பணத்தைக் கட்டத்தான் வேண்டும். இதை அந்த உறைகள் சின்ன எழுத்தில்தான் சொல்கின்றன.

கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து, அப்புறம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்ட பெண்களுக்கு ஒரு செய்தி. என் மனைவி இங்கே வேலைக்குப் போனதே இல்லை. ஆனாலும் என் நாற்பது காலாண்டுக் கணக்கிலேயே அவளுக்கும் பார்ட் ஏ கட்டணமில்லாமல் கிடைக்கும். 'எனக்கு எதுவும் கிடைக்காது' என்று அவள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதே சமயம், இந்தியாவில் வேலை பார்த்த வருடங்கள் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை.

இந்த ஏ-யும் பி-யும் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நம் பொறுப்பு. பார்ட் பி-யில் வருடத்துக்கு 283 டாலர் கட்டி முடித்த பிறகும் செலவில் 20 சதவீதம் நம் தலையில்தான் விழும், அதற்கு உச்சவரம்பே கிடையாது. புற்றுநோய் ஊசி ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் நாட்டில், வரம்பில்லாத 20 சதவீதத்தை நினைத்தால் தூக்கம் வராது. அந்த ஓட்டையை அடைக்க இருக்கும் இரண்டு வழிகளில் எது என்பதுதான் கேள்வி.

ஒன்று, அசல் மெடிகேரையே (அதாவது அரசின் ஏ-யும் பி-யும்) வைத்துக்கொண்டு, மேலே அது தராத பங்கைக் கட்டும் ஒரு தனியார் மெடிகாப் பாலிசியும், மருந்துக்குத் தனியாக ஒரு பார்ட் டி திட்டமும் வாங்குவது. மற்றொன்று, பார்ட் சி எனப்படும் மெடிகேர் அட்வான்டேஜ். இதில் தனியார் கம்பெனி ஒன்று ஏ, பி, பெரும்பாலும் டி எல்லாவற்றையும் ஒரே அட்டையில் தந்துவிடும். இன்று மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறார்கள்.

மெடிகாப் பாலிசிகளுக்கு எழுத்துகளால் பெயர். எழுத்து ஒன்றானால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படைப் பலன் ஒன்றுதான், விலைதான் மாறும். (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றும் தனி வழி.) எல்லாரும் பேசிய பிளான் எஃப், 2020 ஜனவரி முதல் புதிதாகத் தகுதி பெறுகிறவர்களுக்குக் கிடையாது. இப்போது பெரும்பாலும் பிளான் ஜி (G) அல்லது பிளான் என் (N). ஜி எடுத்தால், மெடிகேர் ஏற்றுக்கொள்ளும் சிகிச்சைகளில் வருடத்துக்கு அந்த 283 டாலரை மட்டும் நாம் கட்டினால் போதும். பிளான் என் கொஞ்சம் மலிவு. அதில் டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்த் திரும்பினால் 50 டாலர் வரை கட்டவேண்டும். மெடிகேர் நிர்ணயித்த தொகைக்கு மேல் 15 சதவீதம் வரை கூடுதலாக வாங்கும் டாக்டரிடம் போனால் அதையும் நாமே கொடுக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜி பாலிசிக்கு மாதம் 170 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,040. அதோடு 283. மொத்தம் 2,323. நல்ல வருடமானாலும் கெட்ட வருடமானாலும் சிகிச்சைக்கான செலவு இதைத் தாண்டாது. அட்வான்டேஜில் பிரீமியம் சைபர் என்றால் நல்ல வருடத்தில் சில நூறு டாலர் கோ-பே-யோடு (ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாம் கட்டும் பங்கு) போய்விடும். கெட்ட வருடத்தில்? நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் போனாலும் 2026ல் 9,250 டாலர் வரை கம்பெனி நம்மிடம் வாங்க சட்டம் அனுமதிக்கிறது. பல திட்டங்கள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன, ஆனால் உங்கள் திட்டத்தின் எண் என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அந்த வரம்பு ஜனவரி 1 அன்று மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நவம்பரில் ஒரு நோய் தெரியவந்து சிகிச்சை ஏப்ரல் வரை நீண்டால் இரண்டு வருட வரம்பையும் தொட்டுவிடலாம்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், 'இப்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அட்வான்டேஜில் சேருவோம், நோய் வந்தால் மெடிகாப்புக்கு மாறிக்கொள்வோம்' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

மெடிகாப்பில் சேர ஒருவருக்கு ஆறு மாதம் தருகிறார்கள். 65 வயதாகி, பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து அந்த ஆறு மாதம் ஆரம்பிக்கிறது. அதற்குள் விண்ணப்பித்தால் எந்தக் கம்பெனியும் உடல்நிலையைக் காட்டி மறுக்கவோ, கூடுதல் விலை கேட்கவோ முடியாது. சர்க்கரையா, ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, எதுவும் தடையில்லை. அந்த ஆறு மாதம் போய்விட்டால் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிகள் உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்கலாம், மறுக்கலாம். மெடிகாப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை யார் வேண்டுமானாலும் மாறலாம். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

சில விலக்குகள் உண்டு. 65 வயதில் முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பிடிக்கவில்லை என்று திரும்பினால் மெடிகாப் உரிமை உண்டு. திட்டத்தையே கம்பெனி அந்தப் பகுதியில் நிறுத்திவிட்டாலும் உண்டு. ஹட்சன் நதிக்கு அக்கரையில் நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே வருடம் முழுவதும் உடல்நிலை கேட்காமல் மெடிகாப் தரவேண்டும். கனெக்டிகட்டிலும் அப்படித்தான். இக்கரையில் இருக்கும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் முதல் வருடம் எது மலிவு என்பதைவிட, எந்த முடிவைப் பின்னால் மாற்ற முடியும் என்பதை வைத்து ஒப்பிடுவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் பயப்படவேண்டாம். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கம்பெனியில் வேலையில் இருந்துகொண்டு அதன் காப்பீட்டில் இருந்தால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். அது முடிந்ததும் சேர எட்டு மாதம் கிடைக்கும், மெடிகாப்பின் ஆறு மாதமும் பார்ட் பி தொடங்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். வேலையை விட்டபின் பழைய கம்பெனியின் காப்பீட்டை நாமே பணம் கட்டித் தொடரும் கோப்ரா இந்தக் கணக்கில் வராது. வேலை போனபின் கோப்ராவை நம்பி உட்கார்ந்திருந்து, தாமதித்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பார்ட் பி-யில் 10 சதவீதம் அபராதம் வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்எஸ்ஏ எனும் வரிச்சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறவர்கள், மெடிகேரில் சேருவதற்கு ஆறு மாதம் முன்பே அதை நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்து, நம்மவர்களுக்கென்றே உள்ள விஷயம். நானும் மனைவியும் டிசம்பர் கடைசியில் கும்பகோணம் போனால் மார்ச் நடுவில்தான் திரும்புவோம். அசல் மெடிகேர் இந்தியாவில் பொதுவாகச் செல்லாது. பிளான் ஜி, பிளான் என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சை உண்டு. 250 டாலர் நாம் கட்டியபின் 80 சதவீதம் தருவார்கள், வாழ்நாளில் மொத்தம் 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டுமே. எங்கள் பயணத்தில் பிப்ரவரி கடைசிக்குப் பிறகு அது இல்லை. பல அட்வான்டேஜ் திட்டங்களிலும் உலகளாவிய அவசர சிகிச்சை உண்டு, அதன் வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும். எது எடுத்தாலும் நீண்ட பயணத்துக்குத் தனிப் பயணக் காப்பீடு வாங்கத்தான் வேண்டும். ஒரு வித்தியாசம் பெரியது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்தத் திட்டத்தின் பகுதியில் இல்லாவிட்டால் அட்வான்டேஜிலிருந்து நீக்கிவிடுவார்கள் (சிலவற்றில் மட்டும் தளர்வு உண்டு). பாதி வருடம் ஊரில் இருக்கலாம் என்று கனவு காண்பவர்களுக்கும், டெக்சஸில் மகன் வீடு, கலிபோர்னியாவில் மகள் வீடு என்று மாறி மாறி இருப்பவர்களுக்கும் மெடிகாப்தான் வசதி. மெடிகேரை ஏற்கும் டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் போகலாம்.

அட்வான்டேஜில் சைபர் பிரீமியம் எப்படிக் கட்டுப்படியாகிறது? அரசு ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாதாமாதம் ஒரு தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குள் செலவை அடக்குவது அவர்கள் வேலை. அதனால்தான் நெட்வொர்க், அதனால்தான் பெரிய ஸ்கேனுக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் முன் அனுமதி. சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022ல் வெளியிட்ட அறிக்கையில், மறுக்கப்பட்ட முன் அனுமதிக் கோரிக்கைகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி ஏற்றிருக்க வேண்டியவை என்று சொன்னது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் படுக்கையில் இருப்பவருக்காக அதைச் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அட்வான்டேஜ் மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். சமூகப் பாதுகாப்புப் பணம் மட்டும்தான் வருமானம். அவருக்கு மாதம் 170 டாலர் என்பது மளிகைக்கான பணம். அவருடைய டாக்டரும் பக்கத்து ஆஸ்பத்திரியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன, பல் செட் கட்டவும் வேண்டியிருந்தது. அசல் மெடிகேர் பல்லையும் கண்ணாடியையும் காது கருவியையும் பொதுவாகத் தொடாது. அவருக்கு அட்வான்டேஜ்தான் சரி. அவரைப் போன்ற வருமானம் உள்ளவர்கள், மாநிலம் பார்ட் பி கட்டணத்தைக் கட்டும் மெடிகேர் சேமிப்புத் திட்டத்துக்கும், மருந்துச் செலவைக் குறைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப்புக்கும் தகுதி உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும். நியூ ஜெர்சியில் இதற்கு மேல் பாட் என்ற மாநில மருந்து உதவியும் உண்டு.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனிகளின் கால் சென்டருக்குக் கூப்பிட்டால் அவர்கள் தங்கள் திட்டத்தைத்தான் சொல்வார்கள். ஒரே கம்பெனிக்காக வேலை செய்யும் ஏஜென்ட்டும் அப்படித்தான். சுயேச்சையான புரோக்கர் பல கம்பெனிகளின் திட்டங்களை விற்பார். அவர் மூலம் வாங்கினாலும் நேரடியாக வாங்கினாலும் விலை ஒன்றே. நாம் அவருக்குத் தனியாக எதுவும் தருவதில்லை, கம்பெனிதான் கமிஷன் தருகிறது. அட்வான்டேஜில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால் 2026ல் நியூ ஜெர்சியில் அதிகபட்சம் 864 டாலர், பெரும்பாலான மாநிலங்களில் 694 டாலர். அடுத்தடுத்த வருடங்களில் அதில் பாதி. மெடிகாப்பில் கமிஷன் பிரீமியத்தில் ஒரு சதவீதமாக வரும். தனி பார்ட் டி திட்டத்துக்கு நூறு டாலர் சொச்சம்தான். புரோக்கர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்தப் பக்கம் தராசு லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பேச்சு தெளிவாக இருக்கும். சில திட்டங்களுக்குக் கம்பெனிகள் கமிஷனையே நிறுத்திவிட்டன. 'உங்களுக்குக் கமிஷன் வராத திட்டம் எனக்குப் பொருத்தமாக இருந்தால் சொல்வீர்களா?' என்று நேராகக் கேட்கலாம்.

கமிஷனே இல்லாத இன்னொரு வழி ஷிப். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு நிதியில் நடக்கும் இலவச ஆலோசனை இது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உட்கார்ந்து விளக்குவார்கள், எதையும் விற்கமாட்டார்கள். கலிபோர்னியாவில் இதற்கு ஹைகேப் என்று பெயர், ஃபுளோரிடாவில் ஷைன். இதை நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எந்த மெடிகாப் கம்பெனி கடந்த சில வருடங்களில் எவ்வளவு விலை ஏற்றியது, யார் க்ளெய்மில் இழுத்தடிக்கிறார்கள் என்ற சந்தை அனுபவத்தில் நல்ல புரோக்கர் ஒரு படி மேல். வருடாவருடம் நினைவூட்டிக் கூப்பிடுவதும் அவர்தான். நான் முதலில் ஷிப் ஆலோசகரிடம் போய் எந்த வழி என்று தெளிவடைந்தேன், அப்புறம் எந்தக் கம்பெனி என்பதற்குப் புரோக்கரிடம் போனேன். மற்றவர்களுக்கும் இந்த வரிசையையே சொல்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்த புரோக்கர் மதுரைக்காரப் பெண். போனில் முதல் வாக்கியமே, "சார், வரும்போது வீட்டுல இருக்கற மருந்து டப்பா எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அம்மாவோட டாக்டர் பேரும் எழுதிக்குங்க" என்பதுதான். ஒன்பது கம்பெனிகளுக்கு விற்பதாகவும், எந்தெந்தக் கம்பெனிகள் தன்னிடம் இல்லை என்பதையும் அவராகவே சொன்னார். எல்லாத் திட்டங்களையும் விற்காத ஏஜென்ட் அதைச் சொல்லத்தான் வேண்டும் என்பது விதி. என்னென்ன பேசப்போகிறோம் என்ற படிவத்திலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கவேண்டும். நாம் கேட்காமல் கூப்பிடுகிறவர், கதவைத் தட்டுகிறவர், 'மெடிகேரிலிருந்து பேசுகிறேன்' என்கிறவர், இவர்களிடம் மெடிகேர் எண்ணைச் சொல்லவே கூடாது.

"முதல் வருஷ விலையை மட்டும் பார்க்காதீங்க சார்" என்றார் அந்தப் புரோக்கர். "வயசு ஏற ஏற இந்த பாலிசி எப்படி ஏறும்னு கேளுங்க." மெடிகாப்பில் சில கம்பெனிகள் வயது கூடக்கூட விலையைக் கூட்டும், சில எல்லா வயதினருக்கும் ஒரே விலை வைக்கும், சில நாம் சேர்ந்த வயதை மட்டும் கணக்கில் எடுக்கும். பொதுவான விலையேற்றம் எதிலும் உண்டு. மிகவும் மலிவாக இருந்த பாலிசியைக் காட்டி, இது வேண்டாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

மருந்துக் கணக்கு அந்தப் பையிலிருந்துதான் வந்தது. மனைவிக்குச் சர்க்கரைக்கு ஜனூவியா. அரசு பேரம் பேசிய முதல் பத்து மருந்துகளில் அதுவும் ஒன்று, 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 113 டாலர் என்று விலை நிர்ணயமாகிவிட்டது. பார்ட் டி-யில் நம் கையிலிருந்து போகும் பணம் 2026ல் 2,100 டாலரைத் தாண்டாது, இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்குள்ளும் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம் நிறைய. மெடிகேர் இணையதளத்தில் மருந்துப் பெயர்களையும் பக்கத்து மருந்துக்கடையையும் கொடுத்தால் வருடச் செலவு எவ்வளவு என்று காட்டும். எங்களுக்கு மலிவான பிரீமியம் உள்ள திட்டம் மொத்தச் செலவில் மூன்றாவது இடத்தில்தான் வந்தது. மருந்து எதுவும் சாப்பிடாதவர்களும் ஏதாவது ஒரு திட்டத்தில் சேர்ந்துவிடுவது நல்லது, தாமதித்தால் இங்கும் அபராதம் உண்டு.

பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 65 வயதுக்கு மேல், நிரந்தர வசிப்புரிமையோடு, ஐந்து வருடம் தொடர்ச்சியாக இங்கே வசித்திருந்தால்தான் அவர்கள் மெடிகேரை விலைக்கு வாங்கலாம். நாற்பது காலாண்டு இல்லாததால் பார்ட் ஏ-வுக்கு மாதம் 565 டாலர், பி-யோடு சேர்த்தால் ஆளுக்கு 768 டாலர் அளவுக்கு வரும். பிள்ளைகள் கட்டிய வரி அவர்கள் கணக்கில் சேராது. பி மட்டும் வாங்கலாம், ஆனால் ஏ-யும் பி-யும் சேர்ந்து இல்லாமல் மெடிகாப்பும் கிடையாது, அட்வான்டேஜும் கிடையாது. ஐந்து வருடம் ஆகும்வரை மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் திட்டம் பார்க்கவேண்டும்.

மெடிகேரில் குடும்பத் திட்டம் என்று ஒன்று இல்லை. கணவன் மனைவி தனித்தனியாகத்தான் சேரவேண்டும், ஒரே திட்டம் எடுக்கவேண்டும் என்பதும் இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறை டாக்டரிடம் போகும் மனைவிக்கு ஜி எடுத்தோம். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் போகாத எனக்கு பிளான் என். மருந்துத் திட்டமும் ஆளுக்கு ஒன்று, இரண்டும் வேறு வேறு கம்பெனி. பார்ட் டி திட்டங்களில் மருந்துப் பட்டியலும் விலையும் வருடாவருடம் மாறும். அடுத்த வருட மாற்றங்களைச் சொல்லும் கடிதம் செப்டம்பர் கடைசியில் வரும். அதை எடுத்துக்கொண்டு அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, அதே மருந்துப் பையோடு, அந்தப் புரோக்கரிடம் மறுபடியும் போகிறோம்.